புதிய எந்திரமும் பணியாளர் மனமும்

(சிறுசேரியில் நடைபெற்ற வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



'வளரும் நாடுகளில் பணிபுரிவோர் புதிய தொழில்நுட்பத்தை ஏற்க மனம் உடையவர்களா?' என்பது விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு. இதை வேறு ஊரில் கேட்டிருந்தால் நான் புத்தகங்களைப் பார்த்துப் பேசிவிட்டுப் போயிருப்பேன். சிறுசேரியில் கேட்டுவிட்டார்கள். நான் சிறுவனாக இருந்த காலத்தில் இப்பக்கமெல்லாம் கழனியும் ஏரியும் பனைமரமுமாக இருந்தன. மாமல்லபுரம் பழைய சாலையில் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மரத்தடியில் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். இன்று மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு ஆறுவழிச் சாலை ஓடுகிறது. 2000 ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதிலிருந்து கணிப்பொறித் தொழில் தெற்கு நோக்கி நடந்து வந்து, சிப்காட் வளாகம் என்ற பெயரில் நம் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. உலகத்து வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் கணக்கு எழுதும் எந்திரங்களுக்கு இங்கே கட்டளை எழுதப்படுகிறது. இங்கு நின்றுகொண்டு, நம் நாட்டுப் பணியாளர் எந்திரத்தை ஏற்பாரா மாட்டாரா என்று கேட்பது, கோவளத்துக் கடற்கரையில் நின்றுகொண்டு மீனவருக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்பது போல இருக்கிறது.

ஆனாலும் அந்தக் கேள்வி உலகெங்கும் கேட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பற்றி அறிஞர்கள் என்ன சொன்னார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எவரெட் ரோஜர்ஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1962 இல் எழுதிய நூலில், புதியதை ஏற்போரை ஐந்து வகையாகப் பிரித்தார். முதலில் ஏற்போர் ஒரு முனையில் இருந்தனர். மறு முனையில் இருந்தவர்களுக்குப் 'பின்தங்குவோர்' என்று பெயர் வைத்தார். பின்னர் 1989 இல் ஃபிரெட் டேவிஸ் என்பவர், அலுவலகத்தில் கணிப்பொறியை ஏற்பதும் மறுப்பதும் இரண்டு எண்ணங்களைப் பொறுத்தது என்றார். இது எனக்குப் பயன்படுமா, இதைக் கையாளுவது எளிதா என்பவையே அவ்விரண்டு. 2003 இல் விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸ் உள்ளிட்ட பிறரும் சேர்ந்து, சுற்றியிருப்போர் என்ன நினைக்கிறார்கள், வேண்டிய வசதி இருக்கிறதா என்பவற்றையும் சேர்த்துக் கொண்டனர். நல்ல ஆராய்ச்சிகள்தாம். குறை சொல்ல நான் யார்? ஆயினும் 35 ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவன் என்ற முறையில், நம் நாட்டு ஊழியர் மனத்தில் இவற்றுக்கெல்லாம் முன்னதாக இன்னொரு கேள்வி எழுவதை நான் கண்டிருக்கிறேன். 'இது வந்த பிறகு என் இடம் என்னவாகும்?' என்பதுதான் அது. அதற்கு விடை கிடைக்கும்வரை எளிமையும் பயனும் அவர் காதில் ஏறுவதில்லை.

நம் நாட்டில் கணிப்பொறிக்கு எதிரான பெரிய போராட்டங்கள் இரண்டு. முதலாவது ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் நடந்தது. 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் இலாக்கோ ஹவுஸ் என்னும் கட்டடத்துக்குள் கணிப்பொறி நுழையாதபடி ஊழியர்கள் இரவும் பகலும் காவல் காத்தனர். இரண்டாவது வங்கிகளில் நடந்தது. அதை நான் உள்ளிருந்து பார்த்தவன்.

14 பெரிய வங்கிகள் 1969 இல் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதன் பின்னரே இடஒதுக்கீடு வங்கிகளின் கதவைத் திறந்தது. 1979 இல் நான் எழுத்தராகச் சேர்ந்தபோது, எங்கள் தெருவிலிருந்து மேசை நாற்காலி போட்டு வேலை பார்க்கச் சென்ற இரண்டாவது ஆள் நான். பேரேடு ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் எடை இருக்கும். வாடிக்கையாளர் பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பேரேட்டைப் புரட்டி, பதிந்து, அதிகாரியின் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். சூன் மாதமும் திசம்பர் மாதமும் வட்டிக் கணக்குப் போடும் நாள்கள் வந்தால் வீட்டை மறந்துவிட வேண்டியதுதான். பத்துப் பைசா வித்தியாசம் வந்தால் அது எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று இரவு பத்து மணிவரை தேடியிருக்கிறோம். கையால் கூட்டுவதில் எனக்கு இருந்த பெருமையை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கூட்டல் பிழையில்லாமல் போடுகிறவன் என்று பெயர் வாங்குவது எங்களுக்கெல்லாம் பட்டம் பெற்றது போல.

இந்த நிலையில் 1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே எந்திரமயமாக்கல் குறித்து ஒப்பந்தம் ஏற்பட்டது. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு 1984 இல் அறிக்கை தந்தது. கிளைகளுக்குப் பேரேட்டைப் பதியும் எந்திரங்கள் வரத் தொடங்கின. நாங்கள் எதிர்த்தோம். வாயிற் கூட்டங்களில் நானும் தொண்டை வற்ற முழங்கியிருக்கிறேன். நம்மவர்க்கு அந்த நாற்காலி கிடைத்துப் பத்தாண்டுகள் ஆவதற்குள் எந்திரம் வந்து அதில் உட்காரப் பார்க்கிறதே என்ற ஆற்றாமை அது. தலைமுறை தலைமுறையாக நாற்காலியில் இருந்தவர் பிள்ளைக்கு வேறு நாற்காலி கிடைக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு?

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பகலில் வாயிலில் நின்று எந்திரம் வேண்டாம் என்று முழங்கிய நான், மாலையில் தாம்பரத்தில் ஒரு தனியார் கணிப்பொறிப் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டிப் படிக்கப் போனேன். அங்கே போனால் எங்கள் சங்கத்துத் தோழர்கள் மூவர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள்! ஒருவரையொருவர் பார்த்துத் திருட்டுச் சிரிப்புச் சிரித்துக் கொண்டோம். இதை இரட்டை வேடம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. எங்களுக்கு எந்திரத்தின் மீது வெறுப்பு இருந்ததே இல்லை. எந்திரம் எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதில்தான் எங்கள் வழக்கு இருந்தது. ஆட்குறைப்பு இல்லை, எந்திரத்தை இயக்குவோருக்குத் தனிப் படி உண்டு என்று எழுத்தில் வந்தவுடன், அதுவரை எதிர்த்தவர்களே பயிற்சிக்கு முண்டியடித்தார்கள்.

முண்டியடித்தபோதுதான் அடுத்த கதை நடந்தது. பயிற்சிக்கு அனுப்பப்படுவோர் பட்டியல் கிளையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. பணிமூப்பில் நான் இரண்டாவது. பட்டியலில் என் பெயரும் இல்லை, நம் சமுதாயத்தைச் சேர்ந்த இன்னோர் அம்மையாரின் பெயரும் இல்லை. கேட்டதற்கு, "உங்களுக்கு அது சரிப்பட்டு வருமா? தபால் பிரிவைப் பாருங்கள்" என்று பதில் வந்தது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கனிவாகச் சொன்னார்கள். நான் ஓராண்டாக மாலைதோறும் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. சங்கம் தலையிட்டு, அடுத்த பட்டியலில் எங்கள் இருவர் பெயரும் சேர்ந்தன. சங்கம் தலையிடாமல் இருந்திருந்தால், பத்தாண்டுகள் கழித்து யாரோ ஓர் ஆராய்ச்சியாளர் வந்து, இந்தக் கிளையில் எந்திரத்தைத் தொடாதவர்கள் இருவர் என்று எண்ணிக்கொண்டு போய், எங்களைப் 'பின்தங்குவோர்' என்ற கட்டத்தில் எழுதியிருப்பார்.

எங்கள் அச்சம் பொய்யாகிவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். பாதி பொய்யானது, பாதி மெய்யானது. எந்திரம் வந்தால் சேவை கெடும் என்று நாங்கள் சொன்னது தவறு. வாடிக்கையாளரின் காத்திருப்பு குறைந்தது, எங்கள் இரவுகள் திரும்பக் கிடைத்தன. ஆனால் இடங்கள் குறையும் என்று சொன்னது தவறாகவில்லை. 2000-2001 இல் அரசு வங்கிகள் கொண்டுவந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் வெளியேறினர். புதிய எழுத்தர் நியமனம் நெடுங்காலம் நின்றுகிடந்தது. இடமே இல்லாதபோது இடஒதுக்கீடு எதை ஒதுக்கும்?

தட்டச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணோ பையனோ அடுத்துச் சென்ற இடம் தட்டச்சு நிலையம். தமிழில் 'லோயர்', பிறகு 'ஹையர்', அதன் பின் அரசுத் தேர்வு. அந்தச் சான்றிதழை நம்பி எத்தனை அடுப்பு எரிந்தது என்பது தாய்மார்களுக்குத் தெரியும். சென்னையில் 1999 இல் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் 'தமிழ்99' என்னும் விசைப்பலகையை அரசு தரப்படுத்தியது. ஒலிமுறையில் அமைந்த நல்ல விசைப்பலகை, புதிதாகக் கற்பவர்க்கு விரைவில் வரும். இருந்தும் இன்றுவரை பல அலுவலகங்களில் பழைய தட்டச்சுப் பொறியின் விசைமுறையே ஓடுகிறது. இதைப் பிடிவாதம் என்பார்கள். விரல்களில் ஏறிய பயிற்சி ஒரு சொத்து. நிலம் இல்லாதவனுக்கு அது ஒன்றே சொத்து. அதைச் செல்லாக் காசாக்கிவிட்டுப் புதியதைப் படி என்றால், படிக்கும் நாள்களுக்கு ஊதியம் யார் தருவது என்று அவர் கேட்பார். கேட்க வேண்டும்.

கிராம சுகாதாரச் செவிலியர்களிடமும் இதையே பார்த்தேன். கருவுற்ற தாய்மாரின் விவரங்களைக் கணிப்பொறியில் ஏற்றும் முறை தமிழ்நாட்டில் வந்தது. நோக்கம் உயர்ந்தது. எந்தத் தாய்க்கு எப்போது ஊசி போட வேண்டும், யாருக்கு ஆபத்து இருக்கிறது என்பதெல்லாம் உடனே தெரியும். ஆனால் பழைய பதிவேடுகளும் நிற்கவில்லை. வெயிலில் நடந்து வீடு வீடாகப் போய்வந்த அம்மையார் நோட்டிலும் எழுத வேண்டும், கணிப்பொறியிலும் ஏற்ற வேண்டும். அவர்கள் குரல் எழுப்பியதை எந்திர எதிர்ப்பு என்று யாராவது எழுதினால் அது அநியாயம்.

இதற்கு மறுபக்கத்தையும் பாருங்கள். 1997 முதல் 2001 வரையிலான ஆண்டுகளில் வட கேரளக் கடலோரத்துக்குக் கைப்பேசி வந்தது. அன்று அது விலையுயர்ந்த பொருள். படிப்புக் குறைந்த மீனவர்கள் வாங்கிக்கொண்டு கடலுக்குள் சென்றார்கள். எந்தக் கரையில் என்ன விலை என்று கடலில் இருந்தபடியே கேட்டறிந்தார்கள். விற்காமல் வீணாகும் மீன் அநேகமாக இல்லாமற் போனது என்று ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியல் அறிஞர் 2007 இல் கணக்கிட்டுக் காட்டினார். அதே 2007 இல் கென்யாவில் எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணமுறை தொடங்கியது. வங்கிக் கணக்கே இல்லாத மக்கள் அதை ஒரு சில ஆண்டுகளில் தம் வழக்கமாக்கிக் கொண்டார்கள். இவர்களுக்கெல்லாம் யாரும் மனமாற்றப் பிரசாரம் செய்யவில்லை. கருவி அவர்கள் கையில் இருந்தது, அதன் ஆதாயமும் அவர்கள் மடியில் விழுந்தது.

நம் முன்னோர்களே இதற்குச் சாட்சி. அச்சு எந்திரம் அக்காலத்துப் புதிய தொழில்நுட்பம். நம் செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893 இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907 இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வெளியிட்டார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடாத காலத்தில் அச்சுக்கூடத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டவர்களின் வழிவந்தவர்கள் நாம். அண்ணல் அம்பேத்கரும், எந்திரத்தால் கேடு வந்தது என்று வாதிட்டவர்களுக்கு 1945 இல் எழுதிய நூலில் விரிவாக மறுமொழி கூறினார். எந்திரம் மனிதனுக்கு ஓய்வைத் தரும், ஓய்வு இருந்தால்தான் உழைப்பவன் மனிதனாக வாழ முடியும் என்பது அவர் கருத்து. குறை எந்திரத்தில் இல்லை, அதன் பயனைச் சிலரே வைத்துக்கொள்ளும் சமூக அமைப்பில் இருக்கிறது என்றார். 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறையை நடத்தியவர் அவர், தொழிற்கூடத்தின் வெப்பம் தெரியாமல் பேசியவரல்லர்.

அன்பர்களே, பணியாளரின் மனத்தை இவ்வளவு ஆராய்கிறோம். எந்திரத்தை வாங்கும் அதிகாரம் உள்ளவரின் மனத்தை யார் ஆராய்ந்தார்கள்? அலுவலக மேசைக்குக் கணிப்பொறி வந்து 40 ஆண்டுகள் ஆகின்றன. பாதாளச் சாக்கடைக்கு எந்திரம் வருவதற்கு ஏன் இத்தனை தாமதம்? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993 இல் ஒரு சட்டம், 2013 இல் இன்னொரு சட்டம். 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர் குடும்பத்துக்குத் தலைக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்ததே தவிரக் குழிக்குள் இறங்குவது நிற்கவில்லை. ஆள் நுழையும் குழிக்குள் இறங்கி அள்ளும் எந்திரத்தைத் திருவனந்தபுரத்து இளம் பொறியாளர்கள் 2018 இல் செய்து காட்டிவிட்டார்கள். மலக்குழியைத் துப்புரவு செய்யும் எந்திரம் நம் கிண்டி ஐ.ஐ.டி.யிலேயே உருவாகியிருக்கிறது. இங்கே எந்திரத்தை ஏற்கத் தயங்குபவர் குழியில் இறங்கும் தொழிலாளியா? எந்திரத்தைவிட அந்த மனிதன் மலிவு என்று கணக்குப் போடுகிறவரே தயங்குகிறார். சென்னையில் 2024 இல் துப்புரவுப் பணியாளர்களையே கழிவுநீர் அகற்றும் ஊர்திகளுக்கு உரிமையாளராக்கும் ஏற்பாடு தொடங்கியபோது, அவர்கள் அதை ஏற்கத் தயங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

இனிச் சிறுசேரிக்கு வருகிறேன். அந்த வளாகங்களில் நம் பிள்ளைகள் சிலர் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். பலர் வாயிற் காவலிலும், துப்புரவிலும், வண்டி ஓட்டுவதிலும், உணவகத்திலும் இருக்கிறார்கள். தனியார் நிறுவனத்தில் இடஒதுக்கீடு இல்லை என்பது நீங்கள் அறிந்ததே. இப்போது கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவர்க்கே 1983 இல் எங்களுக்கு வந்த கேள்வி வந்திருக்கிறது. கட்டளை எழுதும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொண்டிருக்கிறது. டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியரில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேர் அளவுக்கு, குறைக்கப் போவதாக 2025 சூலையில் அறிவித்தது. காரணம் செயற்கை நுண்ணறிவு அன்று, திறமையும் தேவையும் பொருந்தாமையே என்று நிர்வாகம் கூறியது. காரணம் எதுவாயினும், நாற்பது வயதில் இருக்கை ஆட்டம் காணும்போது ஒரு மனிதனுக்கு என்ன நேரும் என்பதை நான் அறிவேன். எங்களுக்கு வாயிலில் நிற்க ஒரு சங்கம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர்க்கு அதுவும் இல்லை.

கடைசியாக என் மீதான ஒரு வழக்கையும் சொல்லிவிடுகிறேன். 2000களின் நடுவில் வங்கிக் கிளைகளையெல்லாம் ஒரே வலைக்குள் இணைக்கும் வேலை நடந்தது. அப்போது நான் அதிகாரி. பயிற்சிப் பட்டியலை எழுதும் பேனா என் கையில் இருந்தது. கடைநிலை ஊழியராகச் சேர்ந்து எழுத்தராக உயர்ந்த மூத்தவர் ஒருவர் கிளையில் இருந்தார். ஓய்வுக்கு இன்னும் மூன்றாண்டு. அவருக்கு எதற்கு என்று நினைத்து அவர் பெயரை விட்டுவிட்டேன். வெறுப்பால் அன்று, கனிவால்! ஒரு நாள் மாலை என் மேசைக்கு வந்து நின்றார். "ஐயா, நான் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று எப்போதாவது உங்களிடம் சொன்னேனா?" என்று கேட்டார். அவர் நம்மவர். வேறொரு சாதிக்காரர் என் பெயரை விட்டபோது எனக்கு எரிந்த அதே இடத்தில் அவருக்கும் எரிந்திருக்கும். மறுநாள் பட்டியலைத் திருத்தினேன். அவர் மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டார். மெதுவாகத்தான் தட்டினார், ஆனால் பிழையில்லாமல் தட்டினார்.

சங்கத்தின் கணிப்பொறி அறையை இன்று காலையில் பார்த்தேன். நல்ல அறை. சாவி அலுவலகத்தில் இருக்கிறது என்றும், மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். வளாகத்தில் காவல் வேலை பார்க்கும் பிள்ளை பணிமுறை முடிந்து எட்டு மணிக்கு வருகிறான். துப்புரவுப் பணிக்குப் போகும் பெண் சமைத்து முடிக்க ஒன்பது மணி ஆகிறது. நிர்வாகக் குழுவினரை நான் கேட்டுக்கொள்வது மூன்று. அந்த அறை இரவு பத்து மணிவரை திறந்திருக்கட்டும். சாவி இளைஞர் அணியிடம் இருக்கட்டும். கற்க வருவோர் பட்டியலில் வயதைக் காரணம் காட்டி எவர் பெயரும் விடுபட வேண்டாம். சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் வாரத்தில் இரண்டு மாலை நான் வருகிறேன். இதைச் செயலாளர் அவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதைப் பார்க்கிறேன்.